கேளுங்க சொல்றேன்: இந்த வாரம் சாஃப்ட்வேர் வேலை

கேள்வி: தம்பி சாஃப்ட்வேர் இன்ஜினியர், வீட்ல இருந்துதான் வேலை. மணிக்கணக்கா ஸ்க்ரீனையே மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கான், கீபோர்டு சத்தமே கேக்கல. நிஜமாவே வேலை பாக்குறானா? (ஒரு அக்கா)

பதில்: பாக்குறான்க்கா, சந்தேகமே வேண்டாம். இதுல எழுதுறது கொஞ்சம், படிக்கிறதுதான் ஜாஸ்தி, அதுவும் வேலைய விட்டுப் போனவங்க எழுதி வச்ச ப்ரோக்ராம் கோடு. இப்ப நடுராத்திரி தாண்டி ஆர்டர் போட்டவங்களுக்கு மட்டும் பில்லுல முந்தின நாள் தேதி விழுதுன்னு கம்ப்ளைன்ட் வருதுன்னு வைங்க, பகல்ல டெஸ்ட் பண்ணிப் பாத்தா எல்லாம் ஓகேன்னு காட்டும், தோண்டிட்டே போனா சர்வர்ல நேரம் யூடிசில (உலகப் பொது நேரம்) சேவ் ஆகுது, அத லோக்கல் டைமுக்கு மாத்துறதுக்கு முன்னாடியே யாரோ தேதிய மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க. யூடிசிய விட கடிகாரம் முன்னாடி ஓடுற நாட்டுல இது ராத்திரிலதான் மாட்டும். ரெண்டு லைன இடம் மாத்தினா முடிஞ்சுது, ஆனா அது எந்த ரெண்டு லைன்னு லாக் ஃபைல (சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவு) படிச்சுப் படிச்சுக் கண்டுபிடிக்கறதுலயே நாள் ஓடிரும். அந்த நேரத்துல "டேய் ஒரு நிமிஷம்"னு மட்டும் கூப்பிட்றாதீங்க!

கேள்வி: வெள்ளிக்கிழமை டிப்ளாய் (புது கோட லைவ்ல போடறது) பண்ணக் கூடாதுங்கறாங்களே, மூடநம்பிக்கைதானே?

பதில்: கிழமைல ஒண்ணும் இல்லீங்க. அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு ஷேர் டிரேடிங் கம்பெனி, 2012 ஆகஸ்ட் 1, அது புதன்கிழமை. 8 சர்வர்ல புது கோடு போடணும், 7ல போட்டாங்க, ஒண்ணு விட்டுப் போச்சு, அதுல வருஷக்கணக்கா தூங்கிட்டிருந்த பழைய கோடு முழிச்சு ஆர்டரா போட்டுத் தள்ளி சுமார் 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல காலி. இதுல கொடுமை என்னன்னா சரி பண்றேன்னு நல்லாருந்த 7 சர்வர்லயும் புது கோட எடுத்துட்டாங்க, அங்கயும் பழைய கோடு முழிச்சு நிலைமை இன்னும் மோசமாச்சு. மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடியே சிஸ்டம் தானா 97 ஈமெயில் அனுப்பியிருக்கு, ஒருத்தரும் கண்டுக்கல. அதனால வெள்ளிக்கிழமையோ திங்கக்கிழமையோ, புட்டுக்கிச்சுன்னா ரோல்பேக் (பழையபடி மாத்தறது) பண்ண ஆள் இருக்கா, எப்படிப் பண்ணணும்னு அவருக்குத் தெரியுமான்னு பாத்துட்டுப் போடுங்க. வெள்ளி சாயந்திரம் பொதுவா ஆள் இருக்காது, அவ்ளோதான்.

கேள்வி: எங்க டீம்ல ஸ்டாண்டப் (தினமும் நின்னுட்டே பேசற குட்டி மீட்டிங்) 1 மணி நேரம் போகுது. என்ன பண்ணலாம்?

பதில்: ஸ்க்ரம்ங்கற டீம் வேலை முறைல அதுக்கு 15 நிமிஷம்தான். எல்லாரையும் நிஜமாவே நிக்க வச்சுப் பாருங்க, கால் வலிச்சா தானா முடியும்.

கேள்வி: கிட்ல (கோடு மாத்தங்கள பதிஞ்சு வைக்கிற டூல்) ரீசெட் ஹார்ட் போட்டுட்டேன் சார், கமிட் (பதிஞ்சு வச்ச மாத்தம்) எல்லாம் போச்சு. டீம் லீட் கிட்ட இன்னும் சொல்லல. பேர் போடாதீங்க ப்ளீஸ்.

பதில்: போடல. மொதல்ல அந்த ஃபோல்டர டெலீட் பண்ணி புதுசா க்ளோன் (சர்வர்லேர்ந்து காப்பி) எடுத்துறாதீங்க, அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. கிட் ரீஃப்ளாக்னு (git reflog) அடிங்க, ஹெட் (நீங்க இப்ப நிக்கிற கமிட்) எங்கெங்க போய்ட்டு வந்துச்சுன்னு வரிசையா வரும், பழைய கமிட்டோட ஹாஷ (அதோட அடையாளக் குறியீடு) எடுத்து அதுல ஒரு ப்ராஞ்ச் (தனிக் கிளை) போட்டுக்கோங்க. டீஃபால்ட் செட்டிங்ல இந்த மாதிரி கமிட்டுக்கு 30 நாள் டைம் இருக்கு. கமிட்டும் பண்ணாம, கிட் ஆட்-டும் (git add) பண்ணாம வச்சிருந்த மாத்தம் இருந்துச்சுன்னா அத கிட் கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல, எடிட்டர்ல லோக்கல் ஹிஸ்டரி இருக்கான்னு பாருங்க. லீட் கிட்ட ப்ராஞ்ச் போட்டதுக்கப்புறம் சொல்லிக்கலாம்.