ஆசிட் வைக்க எஃப்ஆர்பி டேங்க்: ஒரே அளவுக்கு ஏன் இரண்டு விலை?

அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வைக்க 5,000 லிட்டர் எஃப்ஆர்பி (கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த பிளாஸ்டிக்) டேங்க் கேட்டால், அதே தடிமனுக்கு இரண்டு பட்டறைகள் இரண்டு விலை சொல்கின்றன, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் உள்சுவரில் இருக்கும்.

டேங்க்கை உள்ளிருந்து வெளியே கட்டிக்கொண்டு வருவோம். மோல்டின் மேல் முதலில் மெல்லிய சி-கிளாஸ் டிஷ்யூ (ஆசிட் தாங்கும் கண்ணாடி இழைத் தாள்). அரை மில்லிமீட்டர்கூட வராத இந்த அடுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் ரெசின்தான். ஆசிட் தொடுவது இதைத்தான். அதன்மேல் 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள, துண்டு இழைகளாலான விரிப்பு), குறைந்தது இரண்டு அடுக்கு. வெள்ளை மேட் ரெசினைக் குடித்ததும் நிறம் போய்த் தெளிந்துவிடும். அதிலும் வெள்ளைப் புள்ளியாக நிற்பது காற்று. ரெசின் இறுகி ஜெல் ஆவதற்குள் ரோலரை அழுத்தி ஓட்டி அதை வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் அந்த இடத்தில் ஆசிட் புகுந்து, இழையோடு இழையாகச் சுவருக்குள் இறங்கும். அவசர ஆர்டரில் முதலில் அடிபடுவது இந்த ரோலர் வேலைதான். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

அப்புறம் ரோவிங் (நீளமான கண்ணாடி இழைக் கற்றை) சுற்றுவது. மோல்டு சுழலச் சுழல, ரெசினில் நனைந்த இழை வளையம் வளையமாக ஏறும். நிறைந்த டேங்க்கைப் பிளக்கப் பார்க்கும் அழுத்தத்தைத் தாங்குவது இதுதான். இங்கே கணக்கு தலைகீழ்: எடையில் 60 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி இழை.

ஆகவே தடிமனை மட்டும் வைத்து விலையை ஒப்பிடாதீர்கள். உள் அடுக்குக்கு என்ன ரெசின் என்று எழுத்தில் வாங்குங்கள். அடர் ஆசிட்டுக்கு வினைல் எஸ்டர் ரெசின்தான் என் தேர்வு. சாதாரண ஜிபி (பொதுப் பயன்பாட்டு) ரெசின் வேண்டவே வேண்டாம். டெலிவரிக்கு முன் உள்பக்க ஜாயிண்ட்டில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ரெசின் முழுதாகக் கியூர் ஆகவில்லை, அதாவது இறுகவில்லை. காற்றுப் பட்டபடி கியூர் ஆகும் இடம் என்பதால் ஜாயிண்ட்டில்தான் இந்தக் குறை வரும். மேல்பூச்சில் மெழுகு சேர்த்தால் தவிர்க்கலாம். பார்கோல் கடினத்தன்மை (மேற்பரப்பை ஊசியால் அழுத்தி அளப்பது) அளவையும் கேளுங்கள். ரெசின் கம்பெனி சொல்லும் எண்ணில் 90 சதவீதமாவது வர வேண்டும்.

ஹைப்போவுக்கும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) தனியாக டேங்க் வாங்குவதாக இருந்தால், அதை ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். ரெசின் வேகமாகக் கியூர் ஆகச் சேர்க்கும் வழக்கமான கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஹைப்போவைச் சிதைக்கும் என்பதால், அந்த டேங்க்கின் உள் அடுக்கைப் பிபிஓ (பென்சாயில் பெராக்சைடு) சேர்த்துத்தான் கியூர் செய்ய வேண்டும்.