தாழ்வாரச் சட்டத்தில் மஞ்சள் ஜவ்வு: சுரண்டினால் போதுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஐப்பசி அடைமழைக்குப் பிறகு தாழ்வாரச் சட்டங்களின் நுனியில் மஞ்சளாக ஜவ்வு மாதிரி முளைக்கிறது. சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவினோம். அடுத்த மழையில் மறுபடி வந்துவிட்டது. மரத்தையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முளைத்திருப்பது ஜெல்லிக் காளான். ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், சின்னக் கரண்டி போலத் தட்டையாக, ஆரஞ்சு கலந்த மஞ்சளில் இருந்தால் பெரும்பாலும் டாக்ரியோபினாக்ஸ் ஸ்பாத்துலேரியா. வெயிலில் சுருங்கி வெறும் பொருக்காகிவிடும். செத்துவிட்டது என்று நினைப்போம். அந்தப் பொருக்கை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், ஊறி மறுபடி ஜவ்வாகிவிடும். நீங்கள் சுரண்டியது வெளியே தெரியும் பகுதியை மட்டும்தான். அதன் இழைகள் மரத்துக்குள் ஓடுகின்றன. மண்ணெண்ணெய் அவ்வளவு ஆழம் போகாது, தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

இந்தக் காளான் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோசைத் தின்றுவிட்டு, அந்த நாரைப் பிணைத்து வைக்கும் லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். அதனால் மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, கையில் பொடியாகும். ஸ்க்ரூ டிரைவரால் நுனியிலிருந்து உள்நோக்கிக் குத்திக்கொண்டே வாருங்கள். 'டக்'கென்று நின்றால் மரம் கெட்டி. ரஸ்க்கில் குத்தியதுபோல் இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. கெட்டியான இடத்தில் அரை அடி சேர்த்து அறுத்துவிட்டு, ஆசாரியிடம் சொல்லி ஒட்டுப் போடுங்கள். உத்திரத்தின் மேல் உட்காரும் இடமே உளுத்திருந்தால் மட்டும் முழுச் சட்டத்தையும் மாற்றுங்கள்.

இதைவிட முக்கியம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காளானால் அரிக்க முடியாது. சட்டத்தின் அறுத்த முனைதான் பக்கவாட்டைவிட வேகமாகத் தண்ணீர் குடிக்கும். உங்களுக்கு நுனியிலேயே முளைப்பதால், கடைசி வரிசை ஓடு சட்டத்துக்கு வெளியே நீண்டிருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழை பெய்யும்போதே ஏணி இல்லாமல் கீழே நின்று டார்ச் அடித்தால் சொட்டும் இடம் தெரிந்துவிடும்.

ஓட்டைச் சரிசெய்த பிறகு, பங்குனி வெயிலில் மரம் நன்றாகக் காயட்டும். 10 லிட்டர் வெந்நீரில் போராக்ஸ் 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு முனைகளில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். மழைநீர் இதைக் கரைத்துவிடும் என்பதால், காய்ந்ததும் மேலே பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். கரைசல் பிள்ளைகள், மாடு கன்று கைக்கும் வாய்க்கும் எட்டக்கூடாது.

காளானைத் தொட்டால் பயமில்லை. பிடுங்கிச் சமைக்க மட்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்த மரத்தில் முளைத்தது அது.