அனுப்பிய மெயிலின் நகல் எங்கே போகிறது? கேள்வி-பதில்

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனி ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அவர்கள் அனுப்பியது அதில் இருக்கிறது. நான் போட்ட பதிலெல்லாம் சென்ட்டில் குவிந்து கிடக்கிறது. தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அக்கவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் கணக்குக்குக் கீழே 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் 'பிளேஸ் ரிப்ளைஸ்' என்று தொடங்கும் வரியை டிக் செய்யுங்கள். எந்த ஃபோல்டரில் இருக்கும் மெயிலுக்குப் பதில் எழுதுகிறீர்களோ, பதிலின் நகலும் அங்கேயே போகும். ஜிஎஸ்டி நோட்டீஸ் பற்றி பார்ட்டி கேட்டதும் நீங்கள் சொன்னதும் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் வந்த மெயிலை முதலில் பார்ட்டி ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, அங்கிருந்து பதில் எழுத வேண்டும். இன்பாக்ஸிலேயே பதில் போட்டுவிட்டு அப்புறம் நகர்த்தினால், பதில் கூடவே போகாது.

நீங்களே புதிதாகத் தொடங்கும் மெயிலுக்கு, அதைத் தானாகவே ஃபோல்டருக்கு நகர்த்தும் மெசேஜ் ஃபில்டர் போடலாம். பெறுபவர் முகவரியை நிபந்தனையாக வைத்து, 'ஆஃப்டர் சென்டிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி எழுதும் சில பார்ட்டிகளுக்கு மட்டும் போதும். வருஷத்துக்கு ஒரு மெயில் போகிற பார்ட்டிக்கெல்லாம் ஃபில்டர் எழுதுவது வெட்டி வேலை. சென்ட்டில் பெயரைத் தேடினால் கிடைத்துவிடும்.

கேள்வி: அனுப்பும் மெயில் தானாக ஃபோல்டருக்குப் போக அவுட்லுக்கில் ரூல் போட்டேன். ஃபோல்டரிலும் இருக்கிறது, சென்ட்டிலும் இருக்கிறது. ஏன்?

பதில்: அனுப்பும் மெயிலுக்கான ரூல் நகல்தான் எடுக்கும், மூலத்தை நகர்த்தாது. அதை விட்டுவிடுங்கள். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக் என்றால் மெயில் எழுதும்போதே ஆப்ஷன்ஸில் 'சேவ் சென்ட் ஐட்டம் டு' இருக்கிறது. பதில்களுக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் பகுதியில் தண்டர்பேர்டைப் போலவே ஒரு டிக் உண்டு. இன்பாக்ஸில் இருக்கும் மெயில்களுக்கு மட்டும் அது பொருந்தாது.

கேள்வி: ஜிமெயிலை கம்ப்யூட்டரில் வேறொரு மெயில் புரோகிராமில் இணைத்ததும், அனுப்பியது எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

பதில்: ஜிமெயில் வழியாக எது போனாலும் கூகுள் சர்வரே ஒரு நகலை வைத்துக்கொள்கிறது. உங்கள் புரோகிராம் தன் பங்குக்கு இன்னொன்று வைக்கிறது. புரோகிராமில் நகல் வைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபோல்டர் வேண்டுமென்றால், ஜிமெயிலில் அதற்குப் பதில் லேபிள்தான். பிரவுசரில் எழுதும்போது கீழே மூன்று புள்ளியைத் தட்டினால் அனுப்பும் முன்பே லேபிள் ஒட்டலாம்.

கேள்வி: 'மெயில் போய்விட்டது, ஆனால் நகலை சென்ட் ஃபோல்டரில் வைக்க முடியவில்லை' என்று வருகிறது. திரும்ப அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம்! எதிராளிக்கு அதே மெயில் இரண்டு முறை போகும். மெயிலை வெளியே அனுப்புவது எஸ்எம்டிபி என்ற முறை. நகலை சர்வரில் கொண்டுபோய் வைப்பது ஐமேப் என்ற முறை. இரண்டும் தனித்தனி வேலை. முதலாவது முடிந்து, இரண்டாவது சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். நகலை மட்டும் மறுபடி வைக்கும் பட்டன் வந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரிலேயே ஒரு லோக்கல் ஃபோல்டரில் சேமித்துவிட்டு, அப்புறம் நகர்த்துங்கள். அடிக்கடி இப்படி வந்தால் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகப் போகிறது. போனில் அனுப்பியது மட்டும் பார்ட்டி ஃபோல்டருக்குப் போவதில்லை.

பதில்: கம்ப்யூட்டரில் வைத்த டிக் அந்தக் கம்ப்யூட்டரோடு சரி. போனுக்கு அது தெரியாது. ஐபோனின் மெயில் செட்டிங்ஸில் 'ஆல்வேஸ் பிசிசி மைசெல்ஃப்' இருக்கிறது. அதை ஆன் செய்தால், நீங்கள் அனுப்புவதன் ஒரு நகல் மற்றவருக்குத் தெரியாமல் உங்கள் இன்பாக்ஸுக்கே வந்துவிடும். அனுப்புநர் நீங்கள், பெறுநர் இன்ன பார்ட்டி என்றால் இன்ன ஃபோல்டர் என்று சர்வரில் ஒரு ரூல் எழுதிவிட்டால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் வேலை நடக்கும்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் 365-இல் மூன்று பேர் சேர்ந்து ஒரே பொது முகவரியைப் பயன்படுத்துகிறோம். யார் என்ன பதில் போட்டார்கள் என்று தெரிவதில்லை.

பதில்: பொது முகவரியிலிருந்து அனுப்பினாலும், நகல் அனுப்பியவரின் சொந்த சென்ட்டுக்குத்தான் போகும்; இயல்பான அமைப்பு அது. உங்கள் அட்மினிடம் சொல்லுங்கள். பொதுப் பெட்டியின் செட்டிங்ஸில் 'சென்ட் ஐட்டம்ஸ்' என்ற இடத்தில் அவர் மாற்றிவிடலாம். அதன்பிறகு அனுப்புவதன் நகல் பொதுப் பெட்டியிலும் விழும்.