செராமிக் கலைஞருக்கு யோசனை எங்கிருந்து வருகிறது? அது எப்படிப் பொருளாகிறது?

எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி பதில் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு கறுப்பு மணல் வரியைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் பக்கம். ஜூன் பிறந்து கடல் மூர்க்கமானால் எங்கள் கரையில் கறுப்பு மணல் வரிவரியாக ஒதுங்கும். பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இருப்பதே இதற்காகத்தான். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே ரூட்டைல், சிர்கான் என்று தாதுக்கள் அந்த மணலில் உண்டு. பாத்திரத்தின் மேல் பூசிச் சுடுகிற பளபளப்புப் பூச்சுதான் கிளேஸ்; வெள்ளை கிளேஸ் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடாமல் பால்போல் இருக்க சிர்கான்தான் போடுவோம். பாண்டிச்சேரியில் தொழில் படித்தபோது மூட்டையில் அந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஊரில் காலில் ஒட்டுகிற சரக்கு!

அந்த வரியைத் தட்டில் கொண்டுவர வேண்டும். முதலில் பிரஷ்ஷை எடுத்தேன். இரும்பு ஆக்சைடைக் கரைத்து இழுத்தால் கோடு விழுந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "நல்லா வரைஞ்சிருக்கே" என்றார்கள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. நடுவில் ஊர்க்குளத்துக் களிமண்ணில் தட்டு செய்து 1240 டிகிரியில் வைத்தேன். சட்டிபானை வனைகிற மண் அந்தச் சூட்டைத் தாங்காது என்று தெரிந்தும் ஓர் ஆசை. சூளையைத் திறந்தால் ஷெல்ஃபில் அடை சுட்டமாதிரி உருகி ஒட்டியிருந்தது. உளியால் கொத்தித்தான் எடுத்தேன்.

அப்புறம் ஒருநாள் கரையில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. அலை எதையும் வரைவதில்லை. இல்மனைட் சாதாரண மணலைப்போல ஒன்றே முக்கால் மடங்கு கனம். திரும்பிப் போகிற தண்ணீர் லேசானதை இழுத்துப்போகிறது, கனமானது கிடந்துவிடுகிறது. அவ்வளவுதான் வரி.

சரி, தட்டிலும் தண்ணீரே செய்யட்டும் என்று விட்டேன். நீர்க்க வெள்ளைக் களிக் கரைசல், அதில் ஒரு சிட்டிகை இல்மனைட் துகள். ஊற்றித் தட்டைச் சாய்த்தால் கரைசல் வழிந்து, துகள் வில்போல் தங்க வேண்டும். ஒருமுறை சுட்ட தட்டில் ஊற்றியபோது அது தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டது, துகள் விழுந்த இடத்திலேயே நின்றது. பிறகு சுடாத தட்டில், விரல் வைத்தால் குளிர்ச்சி தெரிகிற ஈரத்தில் ஊற்றினேன். துகள் நகர்ந்தது. சாய்ப்பது, நிறுத்துவது, மறுபடி சாய்ப்பது, எல்லாம் மூன்று நான்கு நொடிதான். தவறினால் தட்டைப் பிசைந்து மறுபடி மண்ணாக்க வேண்டியதுதான்.

காய்ந்ததும் 1000 டிகிரியில் ஒரு சூடு, மேலே தெளிந்த கிளேஸ், பிறகு 1240. தட்டு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும். வரியும் கூடவே சுருங்கி நெருங்குவதால், சுடுமுன் கொஞ்சம் அகலமாகவே விடுவேன்.

துகளைக் கடையில்தான் வாங்குகிறேன். கரை மணலில் மோனசைட் கலந்திருக்கும், அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. சாப்பிடுகிற தட்டில் அது வேண்டாம். யாரும் அள்ளிவந்து பரிசோதிக்காதீர்கள்.

சரியாக வந்த முதல் தட்டை அடுக்களையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா தேங்காய் நாரால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன மக்ளே, மண்ணு போகாம்லா இருக்கு?"

அந்தத் தட்டை விற்கவில்லை.