பட்டா என் பேரில் இருந்தால் தண்ணீர், மண், மரம் எல்லாம் எனக்கா? (தமிழ்நாட்டு நிலங்களுக்கான கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, 2 ஏக்கர் வாங்கினோம். கிணறு பக்கத்து சர்வே எண்ணில் இருக்கிறது. 1/4 பங்கு உண்டு என்று வாயால் சொன்னார்கள், பத்திரத்தில் இல்லை.

பதில்: உடனே கவனியுங்கள் தம்பி. உங்கள் சர்வே எண்ணுக்குள் இருக்கும் கிணறு நிலத்தோடு சேர்ந்து வந்துவிடும். வேறு எண்ணில் இருக்கும் கிணற்றின் பங்கை எழுதித்தான் வாங்க வேண்டும். விற்றவருக்கே அந்தப் பங்கு இருந்ததா என்று மூலப் பத்திரத்தில் பாருங்கள். இருந்தால் பிழைதிருத்தல் பத்திரமோ தனிக் கிரையமோ போட்டு, கிணற்றுப் பங்கு, மின் இணைப்பு, வாய்க்கால் பாத்தியம் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வாய்க்காலை விட்டுவிட்டுத்தான் பலர் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். விற்றவர் இருக்கும்போதே முடியுங்கள், அப்புறம் வாரிசுகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டிவரும்.

கேள்வி: பக்கத்துக்காரர் 800 அடி போர் போட்டதும் என் கிணறு வற்றிவிட்டது. கேஸ் போடலாமா?

பதில்: வருத்தமான விஷயம், ஆனால் சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் ஊறும் நீரை எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தையும் 2013-ல் நீக்கிவிட்டார்கள். அது எனக்கு இன்றும் ஆறாத குறை.

கேள்வி: ரோடு வேலைக்குச் செம்மண் கேட்கிறார்கள் ஐயா. என் பத்திரத்தில் 'ஜல தரு பாஷாணம்' உட்பட என்று இருக்கிறது. அள்ளிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நீர், மரம், கல் வரை விற்றவர் தன் உரிமையை உங்களுக்குக் கொடுத்தார் என்பதுதான் அந்த வாசகம். அரசு அனுமதி அதில் அடங்காது. நிலத்தடிக் கனிமம் பொதுவாக நில உரிமையாளரைச் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் ஒரு கேரள வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் சொந்தம் வேறு, வெட்டியெடுக்கும் அனுமதி வேறு. ரோடு போடவும் பள்ளம் நிரப்பவும் எடுக்கும் சாதாரண மண்கூட 2000-லிருந்து சிறுகனிமம். கனிமவளத்துறை அனுமதி, சீனியரேஜ் தொகை (எடுக்கும் கனிமத்துக்கு அரசுக்குக் கட்டும் கட்டணம்), லாரிக்கு நடைச்சீட்டு எல்லாம் வேண்டும். இல்லாமல் அள்ளினால் 5 ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் வரை அபராதம். 'நாங்க பாத்துக்குறோம்' என்று சொல்கிற கான்ட்ராக்டர் போய்விடுவார், பள்ளமும் வழக்கும் உங்கள் சர்வே எண்ணில் நிற்கும். அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஜேசிபியை வரப்பு தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: நிலத்தை விற்றவர் இப்போது வந்து தேக்கு மட்டும் தனக்கு என்கிறார்.

பதில்: பத்திரத்தில் மரத்தை ஒதுக்கி எழுதாதவரை அது உங்களுடையது. வெட்டி ஏற்றும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தானாக முளைத்த சந்தன மரம்?

பதில்: மரம் உங்களுடையது. ஆனால் நீங்களாக வெட்டக்கூடாது, வனத்துறைக்கு எழுதிக் கொடுங்கள். காய்ந்து விழுந்தாலும் இதேதான்.