வாசகர் கேள்வி பதில்: தூக்குக் கைதி வாக்குமூலம், விலை மூணு பென்ஸ்

கே: பழைய லண்டன்ல ஒரு கைக்குட்டை திருடினாலே தூக்குல போட்டுடுவாங்கன்னு ஒரு வீடியோவுல பாத்தேன், நெசமா? (வாசகர், சேலம்)

ப: சட்டப்படி நெசம்தான். 18ம் நூற்றாண்டுல கடையில நைசா 5 ஷில்லிங் சாமானை எடுத்தா மரண தண்டனை, வீட்டுக்குள்ளன்னா 40 ஷில்லிங், பாக்கெட்ல கைய விட்டு ஒரு ஷில்லிங்குக்கு மேல அடிச்சாலும் அதேதான். ஆனா ஜூரியில உக்காந்தவங்களும் மனுஷங்கதானே, ஒரு துணிக்காக உசுர எடுக்கறதான்னு யோசிச்சு, பொருளோட விலைய 39 ஷில்லிங்னு, 4 ஷில்லிங் 10 பென்ஸ்னு, கைக்குட்டைன்னா 10 பென்ஸ்னு (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்) வேணும்னே கொறச்சு தீர்ப்பு சொல்லிடுவாங்க. நாடு கடத்தறதுக்குன்னு வந்த 1718 சட்டத்துக்கு அப்புறம் இந்த மாதிரி ஆளுங்கள ஏழு வருஷம்னு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க. வீடியோக்காரங்க இந்தப் பாதிய சொல்றதே இல்ல.

கே: அப்ப போலீஸே கெடையாதாமே, யாருதான் திருடனைப் பிடிச்சது? (வாசகி, நாகர்கோவில்)

ப: லண்டனுக்கு முறையான போலீஸ் படை வந்தது 1829லதான். அதுக்கு முன்ன ராத்திரி ரோந்துக்காரங்க, பேட்டைக்குன்னு சில கான்ஸ்டபிளுங்க, அவ்ளோதான். பறிகொடுத்தவனே திருடனத் தேடணும், கேஸையும் கைக்காசு போட்டு நடத்தணும். வழிப்பறிக்காரனைப் பிடிச்சுக் குடுத்து தண்டனையும் ஆச்சுன்னா 40 பவுண்ட் பரிசுன்னு அரசாங்கம் ரேட் வச்சுது, வினையே அங்கதான் ஆரம்பம். ஜோனாதன் வைல்ட்னு ஒருத்தன், தொலைஞ்ச பொருளை மீட்டுத் தர்றேன்னு ஆபீஸே போட்டு உக்காந்துட்டான், ஃபீஸ் கட்டினா பொருள் வந்துடும், ஏன்னா எடுத்ததே அவன் ஆளுங்கதான். அவனுக்குப் பங்கு தராம முறைச்சுக்கிட்ட திருடனை மட்டும் கோர்ட்ல காட்டிக்கொடுத்து அந்த 40 பவுண்டையும் வாங்கிப்பான். கூட்டாளி பேரைச் சொன்னா நீ பொழைச்சேன்னு அப்ரூவர் ஆக்கற வழக்கம் வேற இருந்ததால அவனுக்கு சாட்சிக்கும் பஞ்சமில்ல. கடைசியில திருட்டுப்போன லேஸை மீட்டுக் குடுத்துட்டு திருடனைக் காட்டாம 10 கினி (அப்போதைய தங்கக் காசு) வாங்கின கேஸ்ல மாட்டி 1725 மே 24ல தூக்குல தொங்கினான்.

கே: தூக்குக் கைதிங்க எழுதின வாக்குமூலம் புஸ்தகமா வித்துச்சுன்னு சொல்றாங்களே, அதெல்லாம் அவங்களே எழுதினதா? (வாசகர், ஈரோடு)

ப: இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம். லண்டன் நியூகேட் ஜெயில்ல ஒரு பாதிரியார் இருப்பாரு, சாகப்போறவன ஜெபம் பண்ண வைக்கறது அவரு வேலை, ஆனா அவன் எங்க பொறந்தான், எப்படிக் கெட்டான், என்னென்ன திருடினான்னு தோண்டித் தோண்டிக் கேட்டு, தூக்கு முடிஞ்ச கையோட அச்சடிச்சு மூணு பென்ஸ், ஆறு பென்ஸ்னு வித்து லாபத்தையும் அவரே எடுத்துப்பாரு. கிட்டத்தட்ட நூறு வருஷம் நடந்த வியாபாரம் இது, 2,000 பேருக்கு மேல கதை இருக்கு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகல, குடி, கெட்ட பொம்பள சகவாசம், அப்புறம் திருட்டுன்னு பல கதை ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், அதுல கைதி பேசறது எவ்ளோ பாதிரியார் பேசறது எவ்ளோன்னு நாமதான் பிரிச்சுப் பாக்கணும். வாயத் தொறக்காதவனுக்கு நற்கருணை கிடையாதுன்னு மெரட்டினதும் உண்டு. ஆனா அதே புஸ்தகத்துலதான் வேலை இல்லாத தறிக்காரன், மாலுமி, ஊர்லேர்ந்து வந்து நின்ன வேலைக்காரப் பொண்ணுன்னு வேற எங்கயும் பதிவாகாத ஜனங்களோட வாழ்க்கை கெடைக்குது, அதனால தூக்கிப் போடவும் மனசு வரல.

ஜாக் ஷெப்பர்ட்ங்கற லண்டன் திருடன் கதை தெரியும்ல? தச்சு வேலை கத்துக்கிட்ட பையன், 1724ல ஒரே வருஷத்துல நாலு தடவ காவல்லேர்ந்து தப்பிச்சவன், கடைசி தடவ நியூகேட்டோட பூட்டின கதவு ஒவ்வொண்ணையும் ஒடைச்சு மேல போயிட்டு, எறங்க போர்வை வேணும்னு திரும்ப செல்லுக்கே வந்து எடுத்துட்டுப் போனான்! தூக்குல போடறப்ப வயசு 22.

கே: அடிச்சு உதைச்சு வாங்கின வாக்குமூலத்தையும் கோர்ட் அப்போ ஏத்துக்குச்சா? (சட்டம் படிக்கும் மாணவி, மதுரை)

ப: ஊருக்கு ஊரு வேற. பாரிஸ்ல சித்திரவதை சட்டப்படியே நடந்துச்சு. கார்த்தூஷ்னு கொள்ளைக்கூட்டத் தலைவன், 1721ல காலை மரச்சட்டத்துல வச்சு நசுக்கியும் ஒரு பேரைச் சொல்லல, ஆனா சாகடிக்கக் கூட்டிட்டுப் போனப்ப கூட்டாளிங்க காப்பாத்த வருவாங்கன்னு பாத்து யாரும் வரலன்னதும் மனசு விட்டுப்போய் ராத்திரி முழுக்க எல்லார் பேரையும் சொல்லிட்டான். அடி சாதிக்காதத ஏமாத்தம் சாதிச்சுது.

இங்கிலாந்துல 1783ல வாரிக்‌ஷால்ங்கற அம்மா மேல நடந்த வழக்கு, நீங்க பாடத்துல படிச்சிருக்கலாம். ஆசை காட்டியோ பயமுறுத்தியோ வாங்கின வாக்குமூலத்த நம்ப முடியாது, செல்லாதுன்னாங்க. ஆனா அந்தம்மா சொன்னத வச்சு அவங்க படுக்கையில கெடைச்ச திருட்டுப் பொருள் செல்லும்னும் சொன்னாங்க, பொருள் பொய் சொல்லாதாம். இந்த யோசனைதான் நம்ம 1872 சாட்சியச் சட்டத்துல 27வது பிரிவா வந்து உக்காந்துச்சு, இப்ப அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 23வது பிரிவுக்குள்ள இருக்கு. 'அவர் கொடுத்த தகவலின் பேரில் நகை மீட்கப்பட்டது'ன்னு பேப்பர்ல வர்றதுக்கு இதான் காரணம். போலீஸ்கிட்ட சொன்ன மீதியெல்லாம் கோர்ட்ல செல்லாது, நகை இருந்த எடத்தைக் காட்டின அந்தத் துண்டு மட்டும் செல்லும்.