முற்றத்துக்கு ஓடும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பொருட்களை வகை பிரித்து, எண்ணி, படமாக வரையப் பழக்கச் சொன்னார் டீச்சர். கொடைக்கானல் போய் கலர் பட்டன் பெட்டி வாங்கி வந்தேன். பத்து நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்கிறான். மாமியார் முற்றத்தில் பூண்டு பிரித்தால் அங்கே ஓடிவிடுகிறான். கை நாறும் என்று இழுத்து வந்து உட்கார வைக்கிறேன். இவனுக்குக் கவனமே இல்லையோ? - ஒரு தாய், பூம்பாறை

பதில்: 'இழுத்து வந்து' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் ஓடுகிற இடத்தில்தானம்மா பாடம் நடக்கிறது!

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பார்த்ததுமே பிரிக்கிற கை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நீங்களோ பட்டனுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். 'கை நாறும்' என்று நீங்கள் சொன்னது அந்த அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். யோசித்தீர்களா?

அவனைப் பாட்டி பக்கத்தில் விடுங்கள். 'இதை ஏன் இங்கே போட்டாய்?' என்று கேளுங்கள். காரணம் சொன்னால் வகை பிரிக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் அதே குவியலை மண் ஒட்டியது, ஒட்டாதது என்று பிரிக்கட்டும். எண்ணும்போது ஒவ்வொன்றாகத் தள்ளி வைக்கட்டும். முடித்ததும் 'மொத்தம் எத்தனை?' என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. இன்னும் சில நாள் எண்ணட்டும், அதட்டாதீர்கள்.

படத்தில்தான் சிக்கல் வரும். வரிசையாக அடுக்கினால் ஐந்து பெரிய பூண்டு, எட்டுப் பொடிப் பூண்டைவிட நீளமாகக் கிடக்கும். பெரிசுதான் நிறைய என்பான். தரையில் சாக்பீஸால் ஒரே அளவில் கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு பூண்டு, எல்லா வரிசையும் ஒரே கோட்டிலிருந்து. இப்போது பொடிதான் அதிகம் என்று அவனே சொல்வான். எத்தனை அதிகம் என்றால், நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று கட்டத்தைத் தொட்டுக் காட்டுவான். அப்புறம் அதையே நோட்டில் கட்டத்துக்கு ஒரு வட்டமாக வரையட்டும். டீச்சர் கேட்டது அவ்வளவுதான்.

கவனம் இல்லாத பிள்ளை என்று அவன் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள். பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பது பாட்டியின் உரிமை, அதற்கு வழிவிடுவது உங்கள் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நாளைக் காலையில் அவன் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப் போய், "அத்தை, இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.